துளி கடைசியாக எதில் விழுகிறது

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகக் கேரளத்தின் நிலம்பூருக்கு இறங்கும் மலைச்சரிவுகளில் ஆனி, ஆடி மாதங்களில் பெய்வது ஒரே மழைதான். ஆனால் அந்த மழை கழுவிக்கொண்டு வரும் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே நிறமாக இருப்பதில்லை. நெருக்கமாகத் தழைத்து நிற்கும் தேயிலைக்கு நடுவே இறங்கும் வாய்க்காலில் அடிக்கல் தெரியும். கொஞ்ச தூரம் தள்ளி, அந்த ஆண்டு கவாத்து செய்து, வெட்டிய கிளைகளையும் விறகுக்கு அள்ளிப்போன சரிவிலிருந்து இறங்குவது செங்காவிக் குழம்பு. மழைமானி இரண்டு இடத்துக்கும் ஒரே அளவைத்தான் காட்டும். தேவாலாவில் எத்தனை சென்டிமீட்டர் பெய்தது, பந்தலூரில் எத்தனை என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். மண்ணுக்கு வேண்டிய கணக்கு வேறு: ஒவ்வொரு துளியும் மண்ணைத் தொடுவதற்கு முன்பு கடைசியாக எதைத் தொட்டது, அங்கிருந்து எவ்வளவு உயரம் விழுந்தது என்பதே அது.

முதலில் துளியைப் பற்றி. படங்களில் வரைவதுபோல மழைத்துளிக்கு வால் கிடையாது. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி உருண்டையாகவே விழுகிறது. மூன்று, நான்கு மில்லிமீட்டரைத் தாண்டினால் காற்று கீழிருந்து தள்ளுவதால் அடிப்பக்கம் தட்டையாகிப் பன் ரொட்டி வடிவத்துக்கு வருகிறது. ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் பெரும்பாலும் உடைந்துவிடும். ஒவ்வொரு அளவுத் துளிக்கும் ஒரு முடிவான வேகம் உண்டு. அதை எட்டிய பிறகு எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் வேகம் கூடாது. 1949இல் கன், கின்சர் என்ற இருவர் அமெரிக்காவில் அளந்து வெளியிட்ட அட்டவணையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். 1 மி.மீ. துளி நொடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர், 2 மி.மீ. துளி ஆறரை மீட்டர், 5 மி.மீ. துளி 9 மீட்டர். எடை விட்டத்தின் மும்மடிப் பெருக்கமாகவும், அடியின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கமாகவும் ஏறுவதால், 5 மி.மீ. துளி ஒன்றின் அடி 1 மி.மீ. துளியின் அடியைப்போல் அறுநூறு மடங்குக்கு மேல். சாரல் மண்ணைக் கெடுப்பதில்லை, சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் கோடை மழை அரை மணி நேரத்திலேயே கெடுத்துவிடுகிறது என்பதற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான். பெருந்துளிகளோடு வலுத்துப் பெய்யும் மழையில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு சதுர மீட்டர் தரையில் சுமார் 25 ஜூல் ஆற்றலை இறக்குகிறது. அப்படி 100 மி.மீ. பெய்தால், 25 கிலோ அரிசி மூட்டையைப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து அந்த ஒரு சதுர மீட்டரில் போட்டதற்குச் சமம்.

துளியின் அளவை வீட்டிலேயே பார்த்துவிடலாம். அமெரிக்கரான வில்சன் பென்ட்லி 1904இல் சொன்ன மாவு முறை அது. அகலமான தட்டில் ஓர் அங்குல ஆழத்துக்கு மைதாவைச் சலித்து, அழுத்தாமல் பரப்பி, மேலே மூடி வைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். மூடியை இரண்டு மூன்று நொடி மட்டும் திறந்து உடனே மூட வேண்டும். அதிக நேரம் திறந்தால் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு கணக்கு கெடும். ஒரு நாள் காயவிட்டு மெல்லச் சலித்தால் ஒவ்வொரு துளியும் ஒரு மாவு உருண்டையாக நிற்கும். உருண்டையின் அளவு துளியின் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். திறந்த வெளியில் ஒரு தட்டும் தேக்கு மரத்துக்கடியில் ஒரு தட்டும் வைத்துப் பார்த்தால் இந்தக் கட்டுரையில் பாதி அந்த இரண்டு தட்டிலேயே இருக்கும்.

இலையில் என்ன நடக்கிறது

தமிழில் ஒட்டாத உறவைச் சொல்ல தாமரை இலைத் தண்ணீர் என்கிறோம். எல்லை தாண்டினால் மலையாளத்தில் அதே பேச்சுக்குச் சேம்பு இலைதான் வரும். இரண்டும் சரி. இரண்டு இலைகளின் மேல்தோலிலும் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அந்த மேடுகளின் மேல் அதைவிட நுண்ணிய மெழுகுத் துகள்கள். துளி மேடுகளின் நுனியை மட்டும் தொட்டு, இடையே சிக்கிய காற்றின் மேல் படுத்திருக்கிறது. ஆகவே பரவ முடியாமல் உருண்டையாகிறது, உருளும்போது தூசியையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் 1997இல் இதை விரிவாக விளக்கினார்கள்.

சேம்பு இலையில் சிறு துளி விழுந்தால் முதலில் தோசை மாவுபோல் விரியும், பிறகு தண்ணீரின் பரப்பு இழுவிசை அதைச் சுருட்டும், சுருண்ட வேகத்தில் துளி மேலே துள்ளும். 2 மி.மீ. துளி விழுந்து, விரிந்து, துள்ளி எழ ஏறக்குறைய நூற்றில் ஒரு நொடி ஆகிறது. வேகமாக விழுந்தாலும் மெதுவாக விழுந்தாலும் இந்த நேரம் அநேகமாக மாறுவதில்லை என்று 2002இல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் காட்டினார்கள். முழு வேகத்தில் வரும் பெரிய துளி இப்படி முழுதாகத் துள்ளாது, விளிம்பு கிழிந்து பல பொடித்துளிகளாகச் சிதறும். இலை முற்றி மெழுகு தேய்ந்தாலும் துள்ளல் போய்விடும். சேம்பு, முட்டைக்கோஸ் போன்ற மெழுகு இலைப் பயிர்களுக்கு மருந்து தெளிக்கும்போது ஒட்டுதிரவம் சேர்க்காவிட்டால் மருந்தும் மழைத்துளியைப் போலவே உருண்டு தரைக்குப் போகும். காசு கொடுத்து வாங்கிய மருந்தில் பெரும்பகுதி வீணாவது இங்கேதான்.

நெல் இலை இன்னொரு வகை. அதில் நரம்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடுவதால் துளி நீளவாக்கில் எளிதாக வழுக்கும், குறுக்கே நகரத் தயங்கும். மழைநீர் தோகையடிக்கு இறங்குவது இதனால் எளிதாகிறது. வாழை இலை மழையில் கிழிவதாகச் சொல்கிறார்கள். கிழிப்பது பெரும்பாலும் காற்று. துளி விழும்போது இலையும் காம்பும் கீழே வளைந்து அதிர்ந்து அந்த அடியைத் தாங்கிக்கொள்கின்றன. மெல்லிய இலை துளியைத் தாங்குவதற்குக் காரணம் வலிமையைவிட இந்த வளைவுதான்.

இலையின் நுனி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரசிலைக்கு நீண்ட வால் இருக்கிறது. மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் இலைகளும் இப்படி முடிகின்றன. கூர்நுனியில் தண்ணீர் அதிகம் தேங்கித் தொங்க இடமில்லை, சிறு துளியாக இருக்கும்போதே கழன்றுவிடும். அகன்ற, மழுங்கிய விளிம்புள்ள இலையில் தண்ணீர் சேர்ந்து சேர்ந்து கனத்த பிறகே விழும். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்ற பழமொழி காற்றில் அலையும் பொடித்துளிகளைச் சொல்கிறது. மரத்தடியில் மழைக்குப் பின் அரைமணி நேரம் சொட்டுவது தூவானம் அல்ல, அது மழையைவிடக் கனமான துளி.

உயரமான மரம் மண்ணைக் காப்பாற்றாது

தோட்டக்காரர்கள் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இந்த இடத்தில்தான். மரம் இருந்தால் மண் பத்திரம் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. மேலே வானத்திலிருந்து 2 மி.மீ. துளிகளாக வந்த மழை, தேக்கின் அகலமான இலையில் கூடி 5 மி.மீ. துளிகளாகச் சொட்டுகிறது. எட்டுப் பத்து மீட்டர் விழுந்தால் அந்தப் பெருந்துளி தன் முழு வேகத்தைக் கிட்டத்தட்ட எட்டிவிடும். இலையும் கிளையும் பிடித்து வைத்து ஆவியாக்கியது போக, தரைக்கு வரும் தண்ணீரின் அளவு குறையலாம். ஆனால் அடியின் பலம் திறந்த வெளியைவிடக் கூடிவிடுகிறது.

தேக்கைப் பற்றிப் பேசும்போது நிலம்பூர் தவிர்க்க முடியாதது. அங்கே கனோலி தோட்டம் என்று பெயர் பெற்ற, 1840களில் நட்ட தேக்குகள் இன்றும் நிற்கின்றன. தேக்கு மாசி, பங்குனியில் இலையை உதிர்த்துவிடும். அந்தச் சருகு தரையில் கிடந்தால் மழையின் முதல் அடியை அதுவே வாங்கிக்கொள்ளும். கோடைத் தீ அதை எரித்துவிட்டாலோ, யாராவது கூட்டி அள்ளிவிட்டாலோ, வைகாசி கடைசியில் தென்மேற்குப் பருவமழை வரும்போது மேலே புதிய அகன்ற இலை, கீழே மொட்டைத் தரை என்ற மிக மோசமான சேர்க்கை உருவாகிறது. தேக்கு மண்ணை அரிக்கிறது என்று மரத்தைக் குறைசொல்வது சரியல்ல. சருகும் கீழ்ச்செடியும் இல்லாத தேக்கே அரிக்கிறது. சில்வர் ஓக் நிழலில் மிளகு ஏறியிருக்கும் தோட்டத்துக்கும் இதே கணக்கு: கிளை எவ்வளவு உயரத்தில், தரையில் என்ன என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

தேயிலை இதற்கு நேர் எதிர். கொழுந்து பறிக்கும் தளம் இடுப்பு உயரம்தான். அதிலிருந்து சொட்டும் துளி வேகம் எடுப்பதற்குள் தரையைத் தொட்டுவிடும், தரையிலும் உதிர்ந்த இலை கிடக்கும். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்யும்போது இந்தக் கூரை முழுதாகப் போகிறது. தூர் மீண்டும் தழைக்கும் வரை வெட்டிய கிளை, இலைகளை வரிசைக்கு இடையே சரிவுக்குக் குறுக்காகப் பரப்பி வைப்பதே அந்த ஆண்டின் பாதுகாப்பு. அதை விறகுக்குக் கொடுத்துவிட்டால் மழையின் முழு அடியும் மண்ணுக்கு.

மண்ணில் விழும் துளி

காய்ந்த செம்மண்ணில் முதல் துளிகள் விழும்போது மண் அவற்றை உறிஞ்சுகிறது. மண்ணின் நுண்துளைகளில் இருந்த காற்று துளிக்கு அடியில் மாட்டிக்கொண்டு சிறு குமிழிகளாக மேலேறி, துளியின் மேற்புறத்தில் வெடித்துக் கண்ணுக்குத் தெரியாத பொடித் திவலைகளை வீசுகிறது. மண்வாசனை நம்மிடம் வந்து சேரும் வழிகளில் இது ஒன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2015இல் அதிவேகக் கேமராவில் இதைப் படமெடுத்தார்கள். மெதுவான, மிதமான மழையில்தான் இந்தத் திவலை அதிகம், கொட்டும் மழையில் குறைவு. கோடையின் முதல் தூறலில் மண் மணப்பதும் அடைமழையில் மணக்காததும் அதோடு பொருந்துகிறது. வாசனைக்கு ‘பெட்ரிக்கோர்’ என்று 1964இல் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். அதில் முக்கியமான பொருளான ஜியோஸ்மினை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன.

மழை வலுத்தால் அடுத்த கட்டம். காய்ந்த மண்கட்டிக்குள் எல்லாப் பக்கமிருந்தும் தண்ணீர் புக, உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வழியில்லாமல் கட்டியை உடைக்கிறது. உடைந்த துகள்களை அடுத்தடுத்த துளிகள் கிரீடம்போல் எழும் தண்ணீரோடு தூக்கி வீசுகின்றன. 1940களில் அமெரிக்காவில் எலிசன் என்பவர் அளந்தபோது துகள்கள் 60 செ.மீ. உயரமும் ஒன்றரை மீட்டர் தூரமும் பறந்தன. இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. வெள்ளையடித்த சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருக்கும் செம்மண் கறையும், ஓட்டு இறவாரத்துக்குக் கீழே வரிசையாக விழுந்திருக்கும் குழிகளும் அதே வேலைதான். இறவாரக் கோட்டில் ஜல்லி பரப்பிய வீட்டில் கறை ஏறுவதில்லை. சமதளத்தில் துகள்கள் எல்லாப் பக்கமும் சமமாகப் பறக்கும், சரிவில் கீழ்நோக்கி விழுவது அதிகம். ஒவ்வொரு துளியிலும் மண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. களிமண் ஒட்டிக்கொண்டு நிற்கும், பருமணல் கனத்தால் நிற்கும். நடுவில் உள்ள வண்டலும் நுண்மணலும்தான் எளிதாகப் பறக்கின்றன.

பறந்த நுண்துகள்கள் திரும்ப விழுந்து துளைகளை அடைக்கின்றன. மேல்மண்ணில் சில மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு பூச்சு உருவாகும். அதன் பிறகு பெய்யும் தண்ணீர் உள்ளே இறங்குவது வெகுவாகக் குறைந்து வழிந்தோடத் தொடங்கும். வெயில் அடித்ததும் அந்தப் பூச்சு பொருக்காக இறுகும். மானாவாரிச் செம்மண்ணில் கம்பு, கேழ்வரகு விதைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: விதைத்த மறுநாள் ஒரு கனமழை, அடுத்து மூன்று நாள் வெயில் என்றால் முளை பொருக்கை முட்டித் திறக்க முடியாமல் உள்ளேயே வளைந்து போகும். பொருக்கு ஈரமாக இருக்கும்போதே களைக்கொத்தியால் மெல்லக் கீறிவிட வேண்டும். இறுகிய பிறகு கொத்தினால் பாளமாகப் பெயர்ந்து முளையையும் பிடுங்கிக்கொண்டு வரும்.

தைல மரத்தோப்பில் வேறொரு விந்தை. சருகில் உள்ள எண்ணெயும் மெழுகும் மண்துகள்களின் மேல் படிந்து, கோடையில் மண்ணையே தண்ணீர் ஒட்டாததாக ஆக்கிவிடும். துளி தூசியைப் போர்த்திக்கொண்டு கோலிக்குண்டுபோல் உருளும். சோதிக்கச் சருகை விலக்கி ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். ஐந்து நொடிக்கு மேல் உறிஞ்சாமல் நின்றால் அந்த மண் தண்ணீரைத் தள்ளுகிறது என்று கணக்கு. தீப்பிடித்து எரிந்த சரிவிலும் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

தேங்கிய தண்ணீரில் விழும் துளி வேறு. மண்ணின் மேல் மெல்லிய நீர்ப்படலம் மட்டும் இருந்தால் தெறிப்பு குறையாது. துளியின் விட்டத்தைவிட ஆழம் கூடினால் அடி தண்ணீரிலேயே கரைந்துவிடும். சேறடித்து ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் கட்டிய வயலில் எவ்வளவு பெரிய துளியும் மண்ணைத் தொடுவதில்லை. வயநாட்டுக்கு வயலால் பெயர் வந்தது என்பார்கள். பள்ளத்தாக்கு வயல்கள் மேட்டிலிருந்து வரும் வண்டலைப் பிடித்து வைப்பதோடு தம் மண்ணையும் இப்படிக் காத்துக்கொள்கின்றன. அங்கே வாழையும் கமுகும் வைக்க வரப்பை உடைத்து நீரை வடித்தால் இந்தக் காப்பு போய்விடும்.

தெறிப்போடு ஏறும் நோய்

மிளகுக்கு மழைத்துளி தாயும் ஆகும், எமனும் ஆகும். மலையாளத்தில் திரி என்று சொல்லும் மிளகின் பூங்கதிரில் பூக்கள் மேலிருந்து கீழாக வரிசையாக அமைந்திருக்கின்றன. மழைநீர் கதிரின் வழியே இறங்கும்போது மகரந்தத்தைக் கீழே உள்ள பூக்களுக்குக் கொண்டுபோகிறது. பூக்கும் நேரத்தில் மழை இடைவெளி நீண்டால் மணி பிடிப்பு குறைவது இதனால்தான். அதே மழை, கொடியின் அடிமண்ணில் இருக்கும் பைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமியை மண்ணோடு சேர்த்துத் தரையை ஒட்டிய இலைகளுக்குத் தெறிக்க வைக்கிறது. அங்கே கரும்புள்ளி தோன்றி, நோய் இலையிலிருந்து இலைக்கு ஏறி, அடித்தண்டைப் பிடித்தால் இரண்டு மூன்று வாரத்தில் கொடி முழுதும் வாடிவிடும். விரைவு வாடல் என்றும், எல்லைக்கு அப்பால் துருதவாட்டம் என்றும் சொல்லும் நோய் இது.

ஆகவே மழைக்கு முன் செய்ய வேண்டியவற்றில் முதலாவது, தரையில் படரும் ஓடுகொடிகளை வெட்டுவது அல்லது தூக்கிக் கட்டுவது. தெறிப்பு எட்டும் உயரத்தில் இலை இருக்கக் கூடாது. அடுத்து ஒரு சதவீத போர்டோ கலவை, வைகாசியில் பருவமழைக்கு முன் ஒன்றும், ஆவணி இடைவெளியில் ஒன்றும். 1 கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுண்ணாம்பைத் தனியாக 50 லிட்டரிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கலவை திரியும். இரும்பு, தகரப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் டிரம் போதும். தீட்டிய கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்புநிறப் படிவு இருக்கக் கூடாது. இருந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். இது தவிர, லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் வீதம் காப்பர் ஆக்ஸிகுளோரைடைத் தனியாகக் கரைத்துக் கொடி ஒன்றுக்கு 5 முதல் 10 லிட்டர் அடியில் ஊற்றலாம். மருந்து எல்லாம் செய்துவிட்டு அடிமண்ணை மொட்டையாக விட்டால் தெறிப்பு தொடரும், மருந்து கழுவப்பட்டதும் நோயும் தொடரும்.

மூடாக்கு: எவ்வளவு, எங்கே தவறுகிறது

மூடாக்கு என்பது மண்ணை மூடிக் கிடக்கும் சருகும் இலைதழையும். தரையில் பத்தில் ஏழு பங்கு மூடியிருந்தால் தெறிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். கண்ணால் மதிப்பிட்டால் எல்லோரும் கூடுதலாகத்தான் சொல்வார்கள். பத்து மீட்டர் கயிற்றில் 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சு போட்டுச் சரிவில் மூலைவாட்டாக விரித்து, நூறு முடிச்சில் எத்தனை சருகு, கல், புல்லின் மேல் படுகிறது என்று எண்ணினால் அதுவே சதவீதம். இரண்டு மூன்று இடத்தில் எண்ணிச் சராசரி பார்க்க வேண்டும்.

தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான். மூடாக்கைத் தண்டை ஒட்டிக் குவித்தால் கழுத்து அழுகும், ஒரு சாண் விட வேண்டும். செங்குத்துச் சரிவில் நீளவாக்கில் போட்ட இலைதழை முதல் வெள்ளத்தில் வழுக்கிப் போகும், குறுக்காகப் போட்டு மேலே கனத்த கிளைகளை வைக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வைகாசியில் களைக்கொல்லி அடித்துத் தரையைச் சுத்தமாக்குவது. மழைக்கு இரண்டு வாரம் முன்பு செய்யும் இந்தச் சுத்தம் அந்த ஆண்டின் மேல்மண்ணைக் கொண்டுபோய்விடும். அரிவாளால் நாலு விரல் உயரம் விட்டு அறுத்து அங்கேயே போட்டுவிடுவது கூலி கூடினாலும் செய்ய வேண்டிய வேலை.

ஒன்றைத் தெளிவாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். கேரளத்தில் 2019 ஆகஸ்டில் கவளப்பாறை, புத்துமலையிலும், 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலையிலும் நடந்தவை நிலச்சரிவுகள். அவை துளியின் அடியால் வருவதில்லை. நாள்கணக்கில் உள்ளே இறங்கிய நீர் மண்ணையும் பாறையையும் பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துவதால் வருகின்றன. மூடாக்கு போட்டால் நிலச்சரிவு நின்றுவிடும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. மேலே வெடிப்பு, சாயும் மரம், புதிதாகக் கிளம்பும் ஊற்று தெரிந்தால் அங்கிருந்து வெளியேறுவதுதான் வழி.

துளி எவ்வளவு மண்ணைக் கொண்டுபோனது என்று பார்க்கப் பருவமழை ஓய்ந்த புரட்டாசியில் தோட்டத்தில் குனிந்து பார்த்தால் போதும். சிறு கல், காய்ந்த குச்சி, தேங்காய்த் தொட்டி எதுவானாலும் அதன் அடியில் மட்டும் மண் தூண்போல் நிற்கும், சுற்றிலும் தாழ்ந்திருக்கும். கல் குடைபிடித்த இடம் அது. அளவுகோலை வைத்து இருபது தூண்களின் உயரத்தை அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் ஒரு ஹெக்டேருக்குப் பத்து கன மீட்டர் மண், எடையில் ஏறக்குறைய 12 டன். தூண் ஒரு சென்டிமீட்டர் நின்றால் அதைப் பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.